ஓட்டியவரைப் பலி கொண்ட கார்! 42 ஆண்டுக்குப் பின் மணலில் இருந்து எழுந்து ஓடியது!

1969-ம் ஆண்டு. வேல்ஸ் நாட்டின் தென் கடற்கரை. பெண்டைன் என்ற சின்னஞ்சிறு கிராமம்.

அங்கே ஒரு மணல் மேட்டைச் சிலர் தோண்டிக் கொண்டிருந்தார்கள்.

அவர்கள் தேடியது புதையல் அல்ல. பிணமும் அல்ல. ஒரு மோட்டார் காரைத் தேடினார்கள்!

அந்தக் கார் புதைக்கப்பட்டது 1927-ம் ஆண்டில். வெள்ளத்தில் சிக்கியோ, மண் சரிந்தோ அது மூடிப் போகவில்லை. ஆட்கள் கூடிக் குழி வெட்டி, உள்ளே இறக்கி, மணலைத் தள்ளி மூடினார்கள். செத்துப் போன மனிதரை அடக்கம் செய்வது போல அடக்கம் செய்தார்கள்.

காரணம்? அந்தக் கார், தன்னை ஓட்டியவரின் உயிரைக் குடித்துவிட்டது.

காரின் பெயர் "பாப்ஸ்". பார்பரா என்ற பெண்ணை வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. பெயர்தான் செல்லம். ஆள் ராட்சசி!

நம் ஊரில் நாலைந்து வருடம் கொட்டகையில் நின்ற காரைக் கிளப்புவதற்கே மெக்கானிக் தலையைச் சொறிகிறார். 42 ஆண்டு உப்பு மணலுக்குள் கிடந்த கார் மறுபடி ஓடுமா?

ஓடியது!

பணக்காரப் பிள்ளை

இந்தக் காரை முதலில் செய்தவர் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற சீமான். இங்கிலாந்தில் காண்டர்பரி நகருக்குப் பக்கத்தில் ஹைம் பார்க் என்ற மாளிகையில் வாழ்ந்தவர்.

அவருடைய தந்தையும் ஒரு கார் பந்தயக்காரர். 1903-ம் ஆண்டு, பிரான்சு நாட்டில் மலைப் பாதைப் பந்தயம் ஒன்றில் கார் மோதி இறந்தார். அப்போது பையனுக்கு 8 வயது. 16 வயதில் தாயும் போய்ச் சேர்ந்தார். பையன் கையில் கொள்ளைப் பணம். கேட்பதற்கு ஆள் இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் குதிரை, சீட்டு என்று போவது உண்டு. இவர் போனது என்ஜின் பக்கம். முதல் உலகப் போர் முடிந்ததும், ஆகாய விமானங்களுக்காகச் செய்த என்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கி வந்து காரில் பூட்டினார்!

அவர் செய்த கார்களில் ஒன்றின் பெயர் "சிட்டி பாங் பாங்". ஜேம்ஸ் பாண்டு கதைகளை எழுதிய இயான் பிளெமிங், பின்னாளில் பறக்கும் கார் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார் அல்லவா? அந்தப் பெயருக்கு மூலம் இந்தச் சீமானின் கார்தான்.

அவர் கடைசியாகச் செய்த பெரிய காருக்கு, மாளிகையின் பெயரையே வைத்து "ஹைம் ஸ்பெஷல்" என்று பெயரிட்டார். அதில் பூட்டியது அமெரிக்காவில் செய்த "லிபர்ட்டி" விமான என்ஜின். 12 சிலிண்டர். 27 லிட்டர் கொள்ளளவு. இன்று நம் தெருவில் ஓடும் சிறிய காரின் என்ஜின் சுமார் 1 லிட்டர். அப்படியானால் 27 கார்களின் என்ஜின் ஒரே காரில்!

அந்தச் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு போனவை இரண்டு இரும்புச் சங்கிலிகள். சைக்கிளில் இருக்கிறதே, அது போலத்தான். ஆனால் மிகப் பெரியவை. ஓட்டுபவருக்கு இரு புறமும், கைக்கு எட்டும் தூரத்தில் அவை சுழன்றன.

இந்தச் சங்கிலியை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது பெரிய வழக்காக வரப் போகிறது.

1924-ம் ஆண்டு இத்தாலியில் மோன்சா என்ற இடத்தில் நடந்த பந்தயத்தில், வேறொரு கார் மரத்தில் மோதி ஸ்போரோவ்ஸ்கி மாண்டார். வயது 29. தந்தை போன வழியிலேயே மகனும் போனார்.

125 பவுனுக்கு ராட்சசி!

சொந்தக்காரர் போனபின் அந்த ராட்சசக் கார் யாருக்கு வேண்டும்? 125 பவுனுக்கு விலை போயிற்று.

வாங்கியவர் ஜான் பாரி தாமஸ். வேல்சில் ரெக்ஸம் என்ற ஊரில் பிறந்தவர். பாரி தாமஸ் பணக்காரர் அல்ல. என்ஜினீயர். லேலண்டு மோட்டார் கம்பெனியில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். வேகத்தின் மீது கொண்ட ஆசையால் அந்த வேலையை உதறினார். லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்ற பந்தய மைதானம் இருந்தது. அந்த மைதானத்துக்கு உள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியேறினார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. கார்தான் எல்லாம்.

வாங்கி வந்த காரை அக்கக்காகப் பிரித்தார். பிஸ்டன்களைத் தாமே புதிதாக வரைந்து செய்தார். நான்கு கார்புரேட்டர்களை வைத்தார். காற்றைக் கிழித்துச் செல்லும்படி உடலை மாற்றினார். "பாப்ஸ்" என்று பெயரும் சூட்டினார்.

கடற்கரையே ரோடு

இப்போது பெண்டைன் ஊருக்கு வருவோம்.

மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட வேண்டுமானால் சும்மா ஒரு ரோடு போதாது. வேகம் பிடிக்க இரண்டு மூன்று மைல் வேண்டும். அளந்து பார்க்க ஒரு மைல் வேண்டும். நிறுத்துவதற்கு மறுபடியும் சில மைல் வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி நேரான ரோடு ஏது? புரூக்லண்ட்ஸ் மைதானமோ வட்டமாகச் சுற்றி வருவது.

பெண்டைன் கடற்கரை 7 மைல் நீளம். அலை பின்வாங்கியதும் ஈர மணல் கெட்டியாகி, தரை பளிங்கு போலக் கிடக்கும். அடுத்த அலை வருவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். கடல்தான் அங்கே கடிகாரம்!

உலக வேகச் சாதனைக்கு ஒரு விதி உண்டு. ஒரு தடவை ஓடினால் செல்லாது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. காற்று முதுகைத் தள்ளிவிட்டு யாரும் சாதனை செய்து விடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

1926-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி பாரி தாமஸ் இந்தக் கடற்கரையில் பாப்சை ஓட்டினார். மணிக்கு 169.30 மைல்! உலகத்தில் தரையில் யாரும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

அத்துடன் விட்டாரா? மறுநாளே மீண்டும் ஓட்டினார். 171.02 மைல். அதாவது 275 கிலோ மீட்டர்!

125 பவுன் கொடுத்து வாங்கிய பழைய கார், உலகத்திலேயே வேகமான கார் ஆகிவிட்டது.

மார்ச் 3

சாதனை என்பது ஒரு நாற்காலி. இன்னொருவர் வந்து எழுப்பாமல் விடமாட்டார்.

1927 பிப்ரவரி 4-ந் தேதி மால்கம் காம்ப்பெல் என்ற வீரர் "நீலப் பறவை" என்ற தமது காரை அதே பெண்டைனில் ஓட்டினார். 174.88 மைல். பாரி தாமஸின் சாதனை போயிற்று.

போனதை மீட்க வேண்டும். ஒரே மாதத்தில் பாப்சுடன் பாரி தாமஸ் வந்து இறங்கினார்.

மார்ச் 3-ந் தேதி.

பாப்சின் என்ஜின் உயரமானது. அதை மூடிய தகடு ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். அதனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அப்படியே ஓட்டினார் பாரி தாமஸ்.

திடீரென்று கார் நிலை தவறியது. உருண்டது. மணலில் வெகு தூரம் தேய்த்துக் கொண்டு போய் நின்றது.

மக்கள் ஓடி வந்து பார்த்தபோது பாரி தாமஸ் உயிருடன் இல்லை. தலையில் பயங்கரக் காயம்.

தரை வேகச் சாதனைக்காக ஓட்டி உயிர் இழந்த முதல் மனிதர் அவர்தான்.

வலது பக்கச் சங்கிலி அறுந்து சவுக்குப் போல வீசி அவர் தலையில் அடித்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பத்திரிகைகளில் வந்தது. புத்தகங்களிலும் ஏறியது. நாற்பது ஆண்டுக்கு மேல் உலகம் அதையே நம்பியது.

இதில் விதியின் விளையாட்டையும் பாருங்கள். அவர் இறந்த 26-வது நாள், மார்ச் 29-ந் தேதி, ஹென்றி சீகிரேவ் என்பவர் அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் 203 மைல் வேகத்தைத் தாண்டினார். பாரி தாமஸ் எந்த 174-க்காக உயிரைக் கொடுத்தாரோ, அந்த எண்ணுக்கு அந்த மாதமே மதிப்பு இல்லாமல் போயிற்று!

காருக்கும் ஒரு குழி

பாரி தாமசின் உடலை, புரூக்லண்ட்ஸ் மைதானத்தை ஒட்டிய பைபிளீட் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

காரை என்ன செய்வது?

நண்பர்களுக்கு அதைப் பார்க்கவே மனம் இல்லை. வேறு யாரும் எடுத்து ஓட்டுவதையும் அவர்கள் விரும்பவில்லை. மரண விசாரணை முடிந்ததும், இருக்கைகளைக் கிழித்தார்கள். கருவிகளின் கண்ணாடியை உடைத்தார்கள். பெண்டைன் மணல் மேட்டிலேயே பெரிய குழி வெட்டி, காரை இறக்கி மூடிவிட்டார்கள்.

ஆண்டுகள் ஓடின. இரண்டாம் உலகப் போர் வந்தது. அந்தக் கடற்கரையில் ஆயுதச் சோதனை நிலையம் ஏற்பட்டது. கார் புதைந்த இடமும் ராணுவத்தின் எல்லைக்குள் போய்விட்டது.

சமாதியைத் தோண்டலாமா?

வேல்சின் வடக்கே மலைகளுக்கு நடுவில் காப்பெல் கிரிக் என்று ஒரு கிராமம். அங்கே வசித்தவர் ஓவன் வின் ஓவன். பாங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் என்ஜினீயரிங் ஆசிரியர். பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

பாப்சை வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் நினைத்ததும் மண்வெட்டியைத் தூக்கிவிட முடியுமா? நிலம் ராணுவத்திடம் இருக்கிறது. அதற்கு அனுமதி வேண்டும். கார் இறந்தவருக்குச் சொந்தம். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. நெருங்கிய உறவினரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. "அது ஒருவருடைய நினைவுச் சின்னம். மனம் நொந்து மூடிய குழி. அதைக் கிளறலாமா?" என்று சிலர் ஆட்சேபித்தார்கள்.

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. துக்கத்தில் செய்த காரியத்தை, துக்கப்படாத ஒருவர் வந்து மாற்றலாமா என்பது எளிதில் பதில் சொல்லக் கூடிய கேள்வி அல்ல. ஓவன் பொறுமையாக இருந்தார். கேட்க வேண்டியவர்களை எல்லாம் கேட்டார். சம்மதம் கிடைத்தபின்தான் மண்ணைத் தொட்டார்.

1969-ல் பாப்ஸ் மீண்டும் சூரிய வெளிச்சத்தைப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. உப்பும் ஈரமும் மேல் தகட்டை அரித்திருந்தன. எங்கு பார்த்தாலும் துரு. ஓட்டையில் எல்லாம் மணல்.

நிற்கும் கார் ஏன் கெடுகிறது?

ஓடினால்தானே தேயும், சும்மா நின்றால் ஏன் கெட வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். கார் விஷயத்தில் இது தப்புக் கணக்கு. ஓடும் காரைவிட நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும்.

முதலில் சாவது பேட்டரி. சில மாதங்களிலேயே போய்விடும்.

அடுத்தது பெட்ரோல். நாள்பட்ட பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் போல ஆகும். வார்னீஷ் நாற்றம் அடிக்கும். அந்தப் பிசின் குழாயை அடைக்கும். கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைக்கும்.

ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் நின்ற டயர், தரையைத் தொட்ட பக்கம் தட்டையாகிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் டயரும் உள்ளே இற்றுப் போயிருக்கும்.

பிரேக்கில் ஊற்றும் எண்ணெய்க்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அந்த ஈரம் உள்ளிருந்தே பிரேக்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒயர் கடிக்கும். காற்று போகும் குழாயில் கூடு கட்டிக் குட்டி போடும்!

எல்லாவற்றையும்விட மோசம் என்ஜினுக்குள் நடப்பது. சிலிண்டரின் சுவரில் இருந்த எண்ணெய் மெல்ல வடிந்துவிடும். வெறும் இரும்பின் மேல் ஈரம் படும். துரு பிடிக்கும். பிஸ்டனின் வளையங்கள் அந்தத் துருவோடு ஒட்டிக் கொள்ளும். இதைத்தான் "என்ஜின் ஜாம் ஆகிவிட்டது" என்கிறார்கள்.

இப்படிப்பட்ட காருக்குப் புது பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருகுகிறவர்கள் உண்டு. அதைப் போல ஆபத்து வேறு இல்லை. வளையம் ஒடியும். சிலிண்டர் கீறும். பிழைக்க வேண்டிய என்ஜின் அன்றுதான் உண்மையில் சாகும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவார். அந்தத் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இளகிய எண்ணெயைக் கொஞ்சம் விடுவார். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்! எண்ணெய் ஊறச் சில நாளாவது ஆகும். பிறகு வந்து கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார். அசைந்தால் நல்ல காலம். அசையாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருத்தல். முரட்டுக் கைக்கு இங்கே வேலை இல்லை.

என்ஜின் சுற்ற ஆரம்பித்த பிறகும் அவசரம் கூடாது. பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழுவ வேண்டும். ரேடியேட்டரில் உள்ள சேற்று நீரை எடுக்க வேண்டும். பிளக்கை மாட்டுமுன் சும்மா சுற்றவிட்டு, எண்ணெய் மேலே எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை கிளப்பும்போது தீயை அணைக்கும் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது பிரேக்கை. கிளம்பிவிட்ட சந்தோஷத்தில் அப்படியே தெருவுக்கு ஓட்டிப் போவார்கள். கிளம்பாத காரால் யாருக்கும் ஆபத்து இல்லை. நிற்காத காரால்தான் ஆபத்து!

பொக்கிஷமாகப் புதைத்த கார்

ஈரம் செய்யும் கொடுமைக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

ஓக்லஹோமா மாநிலம் ஏற்பட்டு 50 ஆண்டு நிறைந்த விழாவை 1957-ல் கொண்டாடினார்கள். டல்சா என்ற நகரத்தார் ஒரு புதுமை செய்ய விரும்பினார்கள். புத்தம் புதிய பிளிமத் பெல்விடியர் கார் ஒன்றை, கோர்ட்டு வளாகத்தில் கான்கிரீட் அறை கட்டிப் பூமிக்குள் வைத்தார்கள். 50 ஆண்டு கழித்து எடுக்க வேண்டும் என்பது திட்டம்.

அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் அறை என்றார்கள். காரைச் சுற்றி உறை போட்டார்கள். 2007-ல் உலகத்தில் பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்ரோலும் எண்ணெயும் கூட வைத்தார்கள். 2007-ல் டல்சாவின் ஜனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு போட்டியும் வைத்தார்கள். சரியாக ஊகித்தவருக்குக் கார் பரிசு!

2007 ஜூன் மாதம். அறையைத் திறந்தார்கள். ஊரே கூடி நின்றது. உள்ளே பல அடி உயரத்துக்குத் தண்ணீர்!

அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய அறைக்குள் மழைத் தண்ணீர் சத்தமில்லாமல் புகுந்துவிட்டது. தங்க நிறமும் வெள்ளையுமாக இறங்கிய கார் துருக் கட்டியாக வெளியே வந்தது. கிளப்பிப் பார்க்கக் காத்திருந்தவர்கள் கையைக் கட்டிக் கொண்டு நின்றார்கள். போட்டியில் ஜெயித்தவர் 1979-லேயே இறந்துவிட்டிருந்தார். அவருடைய சகோதரிகளிடம் கார் போய்ச் சேர்ந்தது. அது ஓடவே இல்லை. துருவைக் கழுவிய நிலையில் இல்லினாய் மாநிலத்துக் காட்சிசாலை ஒன்றுக்குப் போயிற்று.

பாதுகாக்க வேண்டும் என்று புதைத்த கார் பிழைக்கவில்லை. இனி கண்ணிலேயே படக்கூடாது என்று புதைத்த பாப்ஸ் பிழைத்தது. இதற்கு மணலைக் காரணம் சொல்ல முடியாது. பாப்சுக்கு ஓர் ஓவன் கிடைத்தார்.

15 ஆண்டு வேலை

ஓவன் செய்தது மெக்கானிக் வேலை மட்டும் அல்ல. பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டுச் சரியாகும் நிலையிலா கார் இருந்தது?

இதைப் போல இன்னொரு கார் உலகத்தில் கிடையாது. கடைக்குப் போய் "பாப்சுக்கு ஒரு சாமான் கொடு" என்று கேட்க முடியுமா? அரித்துப் போன ஒவ்வொன்றையும் பழைய புகைப்படத்தைப் பார்த்தும், மிஞ்சிய துண்டை அளந்தும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். கார் ஒன்றுதான் என்றாலும், அதில் இருந்த லிபர்ட்டி என்ஜின் ஒன்று அல்ல. போர்க் காலத்தில் அமெரிக்கா அதை 20 ஆயிரத்துக்கும் மேல் செய்து குவித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளிலும் அதே குடும்பத்து என்ஜின் ஓடியது. ஆகவே அதன் நுணுக்கங்கள் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனாலும் லேசான வேலையா? அந்த என்ஜினில் 12 சிலிண்டர்களும் தனித்தனி. ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு மெல்லிய எஃகுத் தகட்டால் சட்டை போட்டது போலப் பற்றவைத்திருப்பார்கள். உப்புக் காற்று பட்டால் அந்தச் சட்டை எவ்வளவு நாள் தாங்கும்?

கல்லூரியில் பாடம். மற்ற நேரத்தில் பாப்ஸ். இப்படிச் சுமார் 15 ஆண்டு ஓடியது. ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கப் போகும் காலம்!

இவ்வளவு காலம் ஒரே காருடன் போராட வேண்டுமா என்று கேட்கலாம். புதுக் கார் ஒன்றை அந்த உருவத்தில் செய்திருந்தால் பாதி உழைப்பில் முடிந்திருக்கும். ஆனால் அது பாப்ஸ் ஆகுமா?

நினைத்தது நடந்தது. 27 லிட்டர் என்ஜின் மீண்டும் உறுமியது. பாரி தாமஸ் கை வைத்த அதே கார், தன் சக்கரத்தில் தானே ஓடியது.

குற்றவாளி யார்?

காரைத் தோண்டி எடுத்ததில் இன்னொரு பலனும் கிடைத்தது.

42 ஆண்டாகச் சங்கிலிதான் கொலையாளி என்று ஊர் சொல்லிக் கொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட பொருளோ மண்ணுக்குள் கிடந்தது. யார் போய்ச் சோதிப்பது?

கார் வெளியே வந்தபின் அதன் உடைந்த பாகங்களைப் பார்க்க முடிந்தது. விபத்தைப் பற்றி மறுபடியும் ஆராய்ந்தார்கள். முதலில் சங்கிலி அறுந்திருக்க வேண்டியதில்லை; வலது பின்சக்கரம் முறிந்து, அதனால் கார் உருண்டிருக்கலாம்; உருண்டதில்தான் பாரி தாமஸ் இறந்திருக்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. சங்கிலி அறுந்தது பிறகு நடந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இது முடிந்த தீர்ப்பு அல்ல. பழைய கதையையே நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. பயங்கரமான கதைக்கு ஆயுள் அதிகம் அல்லவா! ஆனாலும், தன் காரைப் பற்றித் தெரியாமல் ஆபத்தான சங்கிலியைக் கட்டிக் கொண்டு ஓட்டினார் என்ற பழி, பாரி தாமஸ் என்ற என்ஜினீயர் மேல் இருந்து ஓரளவு இறங்கிற்று. புதைத்தபடியே விட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

சமாதியைக் கிளறலாமா என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இரண்டு வீடுகள்

பெண்டைன் கடற்கரையில் உலகத் தரை வேகச் சாதனை அதன்பின் நடக்கவில்லை. வேகம் கூடக் கூட 7 மைல் மணலும் போதாமல் போயிற்று. பந்தயக்காரர்கள் அமெரிக்காவின் கடற்கரைக்கும், பிறகு அங்குள்ள உப்புப் பாலைவனத்துக்கும் போய்விட்டார்கள்.

பெண்டைன் ஊரார் தங்கள் கடற்கரையின் பெருமைக்காக ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினார்கள். அது பழசாகிவிடவே, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். புதிய காட்சிசாலை 2023-ல் திறக்கப்பட்டது.

ஓவன் 2012-ல் காலமானார். அவர் மீட்ட காருக்குப் பல ஆண்டுகளாக இரண்டு வீடுகள் இருந்தன. கோடைக் காலத்தில் பெண்டைன் காட்சிசாலை. தான் புதைந்து கிடந்த மணல் மேட்டுக்குப் பக்கத்திலேயே மக்கள் பார்க்க நிற்கும். குளிர்காலம் வந்தால் புரூக்லண்ட்ஸ் காட்சிசாலைக்குக் கொண்டு போவார்கள். பாரி தாமஸ் குடியிருந்து அந்தக் காரைச் செப்பனிட்ட இடம் அதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பைபிளீட் தேவாலயமும், அவருடைய சமாதியும் இருக்கின்றன.